கெக்கோ சாப்பிடவில்லையா? முதலில் தரையைத் தொட்டுப் பாருங்கள்

பள்ளத்தூரில் எங்கள் வீட்டு இரண்டாங்கட்டில், ஒரு காலத்தில் நெல் மூட்டை அடுக்கியிருந்த அறையில் இப்போது நான்கு கண்ணாடித் தொட்டிகள் இருக்கின்றன. மூன்றில் சிறுத்தைப் பல்லி, அதாவது எல்லோரும் லெப்பர்ட் கெக்கோ என்று சொல்வது. நான்காவதையும் லெப்பர்ட் கெக்கோ என்று சொல்லித்தான் எனக்கு விற்றார்கள். அது ஆப்பிரிக்க ஃபேட் டெயில் என்ற வேறு இனப் பல்லி என்று தெரிய ஏழு மாதம் ஆனது. அதற்குள் அதன் பின்னங்கால் விரல்கள் இரண்டு போய்விட்டன.

அந்த இரண்டு விரல்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பார்க்க ஒன்றுபோல இருக்கும் இந்தப் பல்லிகளுக்கு நோய்க்குறியும் ஒன்றுபோலத்தான் இருக்கும். செய்ய வேண்டிய வைத்தியம் மட்டும் ஆளுக்கு ஆள் மாறும். மருந்துப் பாட்டிலைத் தேடுவதற்கு முன் இரண்டு கேள்விக்கு விடை வேண்டும். இது எந்தப் பல்லி? இதன் வயிறு படும் இடத்தில் எவ்வளவு சூடு?

எந்தப் பல்லி என்று தெரியவில்லை

கண்ணைப் பாருங்கள். நம் வீட்டுச் சுவரில் ஓடும் பல்லி கண் சிமிட்டுவதே இல்லை, நாக்கால் கண்ணை நக்கித் துடைத்துக்கொள்ளும். லெப்பர்ட் கெக்கோவுக்கும் ஃபேட் டெயிலுக்கும் அசையும் இமை உண்டு. பகலில் எட்டிப் பார்த்தால் பூனைக்குட்டி மாதிரிக் கண்ணை மூடித் தூங்கும். இமை இருந்தால் இந்த இரண்டில் ஒன்று என்று எடுத்துக்கொள்ளலாம், கடைகளுக்கு வருவது பெரும்பாலும் இவைதான். இரண்டுக்குமே விரலில் ஒட்டும் பட்டை கிடையாது, நகம் மட்டும்தான். கண்ணாடியில் ஏறாது.

அப்புறம் கண்ணின் நிறம். லெப்பர்டுக்குச் சாம்பலோ மங்கிய பொன்னோ கலந்த கண், நடுவில் நெட்டுக்குத்தாக ஒரு கறுப்புக் கீற்று. ஃபேட் டெயிலுக்குக் கண் முழுவதும் கருவிழி போலத் தெரியும் அடர்ந்த பழுப்பு. இதில் ஒரு பொறி இருக்கிறது: எக்ளிப்ஸ் என்று விற்கும் லெப்பர்ட் வகைக்கும் கண் முழுக்கக் கறுப்புதான். எனவே உடம்பையும் பாருங்கள். வளர்ந்த லெப்பர்டுக்கு மஞ்சளில் கறுப்புப் புள்ளிகள், முதுகெல்லாம் பொடிப் பொடியாக முண்டு. ஃபேட் டெயிலுக்குப் புள்ளி கிடையாது. காப்பிக் கொட்டை நிறத்தில் அகலமான பட்டைகள், சிலவற்றுக்குத் தலையிலிருந்து வால்வரை நடுமுதுகில் ஒரு வெள்ளைக் கோடு. கால்கள் கொஞ்சம் குட்டை. நான் ஏமாந்தது எங்கே என்றால், லெப்பர்ட் குஞ்சுக்கும் பட்டைதான் இருக்கும், வளர வளரத்தான் உடைந்து புள்ளியாகும். "இன்னும் சின்னது சார், போகப் போகப் புள்ளி வரும்" என்றார் விற்றவர். நானும் ஏழு மாதம் புள்ளிக்குக் காத்திருந்தேன்.

சொந்த ஊர் வேறு என்பதுதான் விஷயமே. லெப்பர்ட் கெக்கோ ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியாவின் வறண்ட கல் நிலத்துப் பிராணி. ஃபேட் டெயில் மேற்கு ஆப்பிரிக்காவில் செனகலிலிருந்து கேமரூன் வரை வாழ்வது. கடைக்காரர் இரண்டையும் பாலைவனப் பல்லி என்றுதான் சொல்வார். ஆனால் ஃபேட் டெயில் பகலில் பதுங்கும் வளை ஈரப்பதம் உள்ளது. அதை மொட்டை வறட்சியில் வைத்தால் தோல்தான் முதலில் சொல்லும்.

இமை இல்லாமல், உருண்டையான பெரிய கண்ணோடு, உடம்பில் மீன் செதில் மாதிரி அடுக்கடுக்காகப் பெரிய செதில் இருந்தால் அது ஃப்ராக் ஐ கெக்கோ, டெரடோசிங்கஸ் பேரினம். ஈரான், மத்திய ஆசியா பக்கத்து மணல்வெளிப் பல்லி. இதைக் கையால் இறுகப் பிடிக்கவே கூடாது, தோல் கிழிந்து கையோடு வந்துவிடும். ஒரு டப்பாவைக் கவிழ்த்து, அடியில் அட்டையைச் செருகித்தான் இடம் மாற்ற வேண்டும்.

எங்கள் பக்கத்தில் இன்னொரு குழப்பமும் உண்டு. செம்மண் பொட்டலில், கரையான் புற்று ஓரத்தில் தடித்த வாலோடு, பழுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளிப் பட்டைகளோடு ஒரு பல்லி திரியும். ஹெமிடாக்டைலஸ் ட்ரைட்ரஸ் என்று பெயர். பக்கத்துத் தெருப் பையன் ஒருவன் அதைப் பாட்டிலில் போட்டுக்கொண்டு, "அண்ணே, லெப்பர்ட் கெக்கோ கெடச்சிருச்சு!" என்று ஓடி வந்தான். இமை இல்லை, விரலடியில் ஒட்டும் பட்டை இருக்கிறது. வீட்டுப் பல்லிக்கு உறவுக்காரன். எடுத்த புற்றோரத்திலேயே விடச் சொன்னேன். முகம் சுருங்கிப்போனது அவனுக்கு.

இந்தியாவுக்கே உரிய சிறுத்தைப் பல்லிகளும் இருக்கின்றன. சாத்பூரா மலையில் இருப்பதற்கு 2014-இலும், ஆந்திரா ஒடிசா பக்கம் இருப்பதற்கு 2022-இலும்தான் தனி இனம் என்று பெயர் வைத்தார்கள். காட்டில் பிடித்ததை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். கடையில் வாங்குவதற்கும் ரசீது கேளுங்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 2022-இல் திருத்தப்பட்ட பிறகு, பட்டியலில் உள்ள வெளிநாட்டுப் பிராணிகளை வைத்திருப்பவர்கள் பதிவு செய்ய வேண்டியிருக்கிறது. வாங்கும் இனம் அதில் வருகிறதா என்று வனத்துறை அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் நிம்மதி.

சாப்பிட மாட்டேன் என்கிறது

எனக்கு வரும் கேள்வியில் பாதி இதுதான். வாங்கி வந்து இரண்டு வாரம் ஆகவில்லை என்றால் ஒன்றும் செய்யாதீர்கள். தண்ணீர் வையுங்கள், கையில் எடுக்காதீர்கள், தொட்டியின் மூன்று பக்கத்தை அட்டையால் மறையுங்கள். புது இடம் பழக வேண்டும். உடம்பு வெளிறிச் சுண்ணாம்பு பூசினதுபோல இருந்தால் சட்டை உரிக்கப் போகிறது, அந்த ஓரிரு நாள் வாயைத் திறக்காது. உரித்த தோலை அதுவே தின்றுவிடும் என்பதால் உரித்ததே உங்களுக்குத் தெரியாமலும் போகலாம்.

இவை இரண்டும் இல்லையென்றால் தரைக்கு வாருங்கள். இந்தப் பல்லிகள் வயிற்றைச் சூடான கல்லில் ஒட்டி வைத்துத்தான் தின்றதைச் செரிக்கும். வயிறு படும் இடம் 31 முதல் 33 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும், எதிர்மூலை 24 முதல் 27 வரை. தொட்டிச் சுவரில் ஒட்டிய வட்டத் தெர்மாமீட்டர் காற்றின் சூட்டைத்தான் காட்டும், அதை நம்ப வேண்டாம். துப்பாக்கி மாதிரி இருக்கும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் கல்லையே அளந்து பாருங்கள்.

"நம்ம ஊர் வெயிலுக்கு ஹீட் மேட் எதுக்கு?" என்றுதான் நானும் நினைத்தேன். ஹீட் மேட் என்பது தொட்டிக்கு அடியில் போடும் மின்சாரச் சூட்டு விரிப்பு. கத்திரியில் காரைக்குடி கொதிக்கும், சரி. ஆனால் நாம் வைத்திருப்பது செட்டிநாட்டு வீட்டுக்குள்ளே. தடித்த சுவர், உயரமான கூரை, நடுவில் வளவு என்கிற முற்றம், காலடியில் ஆத்தங்குடிக் கல். மே மாதத்திலும் மதியம் வெறுந்தரையில் படுத்தால் முதுகு ஜில்லென்று இருக்கிறது என்றுதானே இந்த வீடுகளைக் கொண்டாடுகிறோம்? தொட்டியை அந்தத் தரையிலேயே வைத்தால் பல்லிக்கும் அதே ஜில். நான் ஹீட் மேட் வாங்கித் தொட்டிக்கு அடியில் போட்ட பிறகும் கல் 27-ஐத் தாண்டவில்லை. மேட்டின் சூட்டில் பெரும்பங்கைத் தரை உறிஞ்சிக்கொண்டிருந்தது. தொட்டியைத் தூக்கி ஒரு பழைய மரப் பெஞ்சில் வைத்தேன். உள்ளே மேட்டுக்கு நேர் மேலே பாலிஷ் போடாத ஒரு துண்டுக் கடப்பாக் கல். மூன்று மணி நேரத்தில் 32. அன்று ராத்திரியே தீனிக்குப் போட்ட நான்கு சிள்வண்டு (கிரிக்கெட் பூச்சி) காலி.

மேட் என்றால் கூடவே, சூடு ஏறினால் தானே மின்சாரத்தை நிறுத்தும் தெர்மோஸ்டாட்டும் வேண்டும். அது இல்லாமல் நேரடியாக ப்ளக்கில் சொருகினால் கல் 40-ஐத் தாண்டி வயிறு வெந்துவிடும். தெர்மோஸ்டாட்டின் முனையைக் கல்லுக்கு அடியிலேயே செருகி டேப் போட்டு வையுங்கள். பல்லி அதைத் தள்ளிவிட்டு ஓரமாக வீசிய கதையும் எங்கள் வீட்டில் உண்டு.

சூடு சரியாக இருந்தும் சாப்பிடவில்லை என்றால் நாட்காட்டியைப் பாருங்கள். கார்த்திகை, மார்கழிக் குளிரில் பல வளர்ந்த லெப்பர்டுகள் தீனியைக் குறைத்துக்கொள்ளும். இனப்பெருக்கக் காலத்து ஆணும், முட்டை பிடித்திருக்கும் பெண்ணும் அப்படித்தான். வால் தடிமனாக இருக்கும் வரை பயமில்லை. வால்தான் அதன் சேமிப்பு. சமையலறை எடைத் தராசில் வாரம் ஒருமுறை நிறுத்து எழுதி வையுங்கள். எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். குஞ்சாக இருந்தால் இவ்வளவு காத்திருக்கவே கூடாது, நாலைந்து நாள் பட்டினி என்றாலே கிளம்புங்கள்.

விரலில் வளையம் மாதிரித் தோல் நிற்கிறது

உரிக்காமல் நின்ற தோல் நூல் கட்டினதுபோல விரலை இறுக்கும். ரத்த ஓட்டம் நின்று விரல் கறுத்து உதிரும். என் ஃபேட் டெயிலுக்கு நடந்தது இதுதான்.

உடனடியாகச் செய்ய வேண்டியது எல்லாப் பல்லிக்கும் ஒன்றே. மூடி போட்ட டப்பாவில் காற்றோட்டத்துக்கு ஓட்டை போட்டு, கைக்கு வெதுவெதுப்பாகத் தெரியாத அளவு, 30 டிகிரித் தண்ணீரைப் பாதம் முங்கும்வரை ஊற்றி, 15 நிமிடம் விடுங்கள். பக்கத்திலேயே இருங்கள். அப்புறம் ஈரமான காது பட்ஸை விரலின் அடியிலிருந்து நுனிப் பக்கமாக உருட்டுங்கள். வந்தால் வரட்டும், வராவிட்டால் நாளைக்கு. ட்வீசரால் இழுத்தால் தோலோடு நகமும் வரும். நான் இப்படிக் குந்தி உட்கார்ந்து உருட்டிக்கொண்டிருந்ததை ஆயா, அதாவது என் பாட்டி, தூணோரம் நின்று பார்த்துவிட்டு, "எனக்கு முழங்கால் வலிக்கி ஒத்தடம் குடுக்க ஆளில்ல, பல்லிக்கு நடக்குது" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று சாயங்காலம் ஆயாவுக்கும் வெந்நீர் ஒத்தடம் கொடுத்தேன்.

திரும்ப வராமல் இருக்கச் செய்வதுதான் இனத்துக்கு இனம் மாறும். லெப்பர்டுக்குத் தொட்டி பொதுவாக உலர்வாகவே இருக்கட்டும். ஒரு ஐஸ்கிரீம் டப்பாவில் வாசல் வெட்டி, நனைத்துப் பிழிந்த கோகோபீட் (தென்னை நார்த்தூள்) போட்டு, சூடான பக்கம் வைத்தால் போதும். உரிக்கும் நேரம் அதுவே உள்ளே போய்ப் படுத்துக்கொள்ளும். கோகோபீட்டை இரண்டு மூன்று தண்ணீரில் அலசி உப்பை எடுத்துவிட்டுப் போடுங்கள். ஃபேட் டெயிலுக்கு அந்த டப்பா மட்டும் போதாது. தொட்டி முழுவதுமே 60 முதல் 70 சதவீத ஈரப்பதம் வேண்டும். தரையே கோகோபீட் கலந்த மண்ணாக இருக்கட்டும், மேல் வலையில் பாதியை மூடுங்கள். லெப்பர்டுக்கு இதே ஏற்பாட்டைச் செய்தால் தோல் புண்ணும் சளியும் வரும். ஃப்ராக் ஐ கெக்கோவுக்கு ஒரு சாண் ஆழத்துக்கு மணல், அடிமணலில் ஈரம், மேல்மணல் உலர்வு. அது தானே குடைந்து ஈரத்தைத் தேடிக்கொள்ளும்.

ஃபேட் டெயிலையும் லெப்பர்டையும் ஒரே தொட்டியில் வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில். கூடவே, ஆணும் ஆணும் ஒரே இனமானாலும் சேராது. வாலடியில், பின்னங்கால்களுக்கு நடுவே கவிழ்த்துப் போட்ட வி எழுத்து மாதிரி மெழுகுப் புள்ளி வரிசையும், அதற்குக் கீழே இரண்டு புடைப்பும் இருந்தால் ஆண்.

கால் வளைகிறது, உடம்பு நடுங்குகிறது

தாடை ரப்பர் மாதிரி மெத்தென்று இருக்கிறது, நடக்கும்போது வயிறு தரையில் இழுபடுகிறது, விரல் துடிக்கிறது. சுண்ணாம்புச் சத்துக் குறைவு. பூச்சிகளில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் குறைவு; வெறும் பூச்சியையே போட்டால் பல்லி தன் எலும்பைக் கரைத்து ஈடுகட்டும். நடுக்கம் வந்த பிறகு வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், மருத்துவரிடம் போங்கள். வளைந்த எலும்பு முழுசாக நிமிராது. மேலும் வளையாமல் தடுக்கலாம்.

வராமல் தடுக்க, பூச்சியைப் போடுவதற்கு முன் ஒரு கவரில் கால்சியம் பவுடரோடு குலுக்குங்கள், திருநீறு பூசின மாதிரி வெளிற வேண்டும். வைட்டமின் டி3 கலந்த பவுடரை டப்பாவில் அச்சிட்டிருக்கும் அளவுக்கு மேல் கொடுக்காதீர்கள், டி3 அதிகமானாலும் கேடுதான். அவசரத்துக்கு நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் கணவாய் ஓட்டை நைஸாகப் பொடித்துச் சலித்துப் பயன்படுத்தலாம். ஆனால் அதில் டி3 இல்லை, யூவிபி (புற ஊதா) விளக்கோ டி3 பவுடரோ கூட வேண்டும்.

ஒன்றை மட்டும் சத்தமாகச் சொல்கிறேன். வெற்றிலைச் சுண்ணாம்பு வேண்டவே வேண்டாம். "சுண்ணாம்புச் சத்துக்குத்தானே" என்று வெற்றிலைப் பெட்டியிலிருந்து எடுத்துத் தடவினவரை எனக்குத் தெரியும். அது நீற்றின சுண்ணாம்பு, காரம், வாய் புண்ணாகிவிடும்.

பூச்சிக்கு நீங்கள் கொடுக்கும் தீனியும் கணக்கில் வரும். பல்லிக்குப் போடுவதற்கு முந்தைய நாள் சிள்வண்டுக்கு முருங்கைக் கீரையும் கேரட்டும் போடுங்கள், முருங்கையில் கால்சியம் தாராளம். வீட்டுக் கரப்பானைப் பிடித்துப் போடாதீர்கள், எந்த வீட்டு மருந்தைத் தின்று வந்ததோ. மின்மினி விஷம்.

வால் மெலிந்துகொண்டே போகிறது

நன்றாகச் சாப்பிட்டும் வால் குச்சியாகிறது, சாணம் தண்ணீராக நாறுகிறது என்றால் குடலில் ஒட்டுண்ணி என்று சந்தேகப்படுங்கள். அதில் மோசமானது கிரிப்டோஸ்போரிடியம். உறுதியாகக் குணப்படுத்தும் மருந்து இல்லை, மற்றப் பல்லிகளுக்கும் பரவும். அந்தத் தொட்டிக்குத் தனி இடுக்கி, தனித் தண்ணீர்க் கிண்ணம், கடைசியில்தான் அதைத் தொட வேண்டும். புதிதாக வாங்கும் எந்தப் பல்லியையும் இரண்டு மூன்று மாதம் வேறு அறையில், வெறும் டிஷ்யூ காகிதத்தின் மேல் வைப்பது இதற்காகத்தான். ஒவ்வொரு முறையும் கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள்; பல்லியிடமிருந்து சால்மொனெல்லா கிருமி மனிதருக்கும் வரும்.

பரிசோதனைக்குப் புதுச் சாணத்தைச் சின்ன டப்பாவில் எடுத்துக்கொண்டு போங்கள். எங்கள் பக்கத்துக் கால்நடை மருத்துவமனைகளில் ஆடு மாடு பார்க்கவே நேரம் போதாது. பல்லி பார்ப்பார்களா என்று முன்கூட்டியே போன் செய்து கேளுங்கள். ஒரத்தநாட்டிலும் நாமக்கல்லிலும் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, அங்கே விசாரிக்கலாம்.

வாலையே போட்டுவிட்டால் அது வேறு விஷயம், பதற வேண்டாம். மண்ணை எடுத்துவிட்டுக் காகிதம் விரியுங்கள், கையில் எடுக்காதீர்கள், தீனியைக் கொஞ்சம் கூட்டுங்கள். புது வால் ஒன்றிரண்டு மாதத்தில் உருண்டையாக, வழவழப்பாக, முள்ளங்கி மாதிரி முளைக்கும். பழைய அழகு வராது.

வாயைப் பிளக்கிறது

கோடையிலா, மழையிலா? சித்திரை வைகாசியில் தகரக் கூரை போட்ட மாடி அறையில் வைத்திருந்தால் அது சூடு தாங்காமல் பிளப்பது. அறையே 35-ஐத் தாண்டினால் தொட்டியில் ஒதுங்கக் குளிர்ந்த மூலை இருக்காது. மேட்டை அணையுங்கள், கீழ்த்தளத்துக்குக் கொண்டுவாருங்கள். முன்பு திட்டின ஆத்தங்குடித் தரை இப்போது தெய்வம். அந்த இரண்டு மாதம் தொட்டியைத் தரையிலேயே இறக்கி வைத்துவிடுகிறேன். ஐஸ் தண்ணீரில் முக்குவது கூடாது.

ஐப்பசி அடைமழையில், மின்சாரம் போன இரவுகளுக்குப் பிறகு, வாயோரம் நுரையோ மூக்கில் சளிக்குமிழியோ தெரிந்தால் நுரையீரல் தொற்று. சூட்டைச் சரிசெய்துகொண்டே மருத்துவரிடம் போங்கள்.

சாணம் போடவில்லை, வயிறு உப்பியிருக்கிறது

மணல் தின்றிருக்கும். குஞ்சுகளை மணலில் விடாதீர்கள், எம் சாண்டில் எந்த வயதிலும் விடாதீர்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் 15 நிமிடம், கல் 32 டிகிரி, இரண்டு நாள். பலன் இல்லையென்றால் எக்ஸ்ரே. விளக்கெண்ணெய் ஊற்றினால் மூச்சுக்குழலுக்குள் போகும்.

இரவெல்லாம் கண்ணாடியைச் சுரண்டுகிறது

சூடு அதிகமா, ஒளிய இடம் போதவில்லையா, கண்ணாடியில் தன் நிழலையே இன்னொரு ஆண் என்று நினைக்கிறதா என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். எங்கள் பெரிய ஆண் லெப்பர்ட் போன ஆவணியில் பதினோரு இரவு சுரண்டியது. எல்லாம் அளந்தேன், எல்லாம் சரி. பன்னிரண்டாம் இரவு விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சோடு நெல் அறையில் உட்கார்ந்தேன். பத்தரை மணிக்கு உத்தரத்திலிருந்து ஒரு வீட்டுப் பல்லி இறங்கி வந்து, தொட்டியின் பின்பக்கக் கண்ணாடியில் வெளியே ஒட்டிக்கொண்டது. முந்தின நாட்களில் தப்பிப் போன சிள்வண்டுகளை அது அங்கிருந்துதான் வேட்டையாடிக்கொண்டிருந்தது. உள்ளே நம்மாள் வால் நுனியை ஆட்டிக்கொண்டு அதன் வெள்ளை வயிற்றைக் குறி பார்த்தார். பாய்ந்தார், கண்ணாடியில் மூக்கு இடித்தது, மறுபடி பாய்ந்தார்.

நல்ல வேளை நடுவில் கண்ணாடி இருந்தது, வீட்டுப் பல்லியைத் தின்றால் அதன் புழுவெல்லாம் இதற்கு வரும். பின்பக்கத்தில் ஒரு பழைய காலண்டர் அட்டையை ஒட்டினேன், சிள்வண்டு டப்பாவின் மூடிக்குக் கிளிப் போட்டேன். அன்றிரவு சுரண்டல் இல்லை. காலையில் ஆயா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அந்த வீட்டுப் பல்லி எந்தத் திசையில இருந்து சத்தம் சொல்லுச்சு?"